எந்திரிங்க கண்ணு, ஊட்டுல தேடுவாங்க

அத்தியாயம் 14

வெள்ளிங்கிரி லே-அவுட்டில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, தாளிக்கும் முன்பே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தெருவில் நித்யஸ்ரீ மேல் விழுந்திருக்கும் புகார் மட்டும் ரகசியமாகவா இருக்கப்போகிறது?

ஊருக்குப் போயிருந்து யாருக்காவது விஷயம் தெரியாமல் இருந்தால், அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

சிங்காநல்லூரைத் தாண்டினால் மெயின் ரோட்டைப் பார்த்த மாதிரி ஸ்ரீசெல்லாண்டியம்மன் ரெசிடென்சி. அதே கட்டடத்தின் முதுகுப் பக்கம், சந்துக்குள் நுழைந்தால் 'புளூ லகூன்' பார். முன்வாசலில் குலதெய்வத்தின் பெயர், பின்வாசலில் வெள்ளைக்காரப் பெயர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று இப்படி ஏற்பாடு செய்தவர் பாலுசாமி. காங்கேயத்தில் எண்ணெய் ஆலையை விற்றுவிட்டு வந்து ஓட்டல் கட்டியவர். இப்போது உயிரோடு இல்லை.

அவர் போன பிறகுதான் மருமகள் நித்யஸ்ரீ ரிசப்ஷன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவளுடைய என்ஜினீயரிங் படிப்பு, மாமியார் சாமியாத்தாளின் அடுப்படியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. தெருவுக்கே அது கொஞ்சம் பொறாமைதான்.

பாரின் லைசென்ஸ் மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்க மனுப் போட்ட கையோடு புகாரும் வந்து நின்றது. வெறும் சத்தம் என்றால் சுவருக்கு மெத்தை ஒட்டிச் சமாளித்திருப்பாள். ஆனால் புகாரே வேறு மாதிரி. மது விற்கக் கூடாத ட்ரை டேக்களில், பூட்டிய பாருக்குள் ஆள் பேசும் சத்தம் கேட்கிறதாம். அப்படியென்றால் கள்ள விற்பனை. நிரூபணமானால் லைசென்ஸ் போச்சு. பார் போனால் ஓட்டல் நிற்காது. ஓட்டல் நிற்காவிட்டால் நித்யஸ்ரீ மறுபடியும் கொத்தமல்லிக்கு.

போன வாரம் பூட்டை மாற்றி, சாவியைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த குடியரசு தினத்திலும் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டு வேங்கடசாமி தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

இன்று தைப்பூசம். வள்ளலார் தினம் என்பதால் ட்ரை டே. கலால் அலுவலர் நேரில் வந்து பார்க்கப் போகிறார்.

காலையில் குளித்து, பச்சை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு படியிறங்கினான் அவள் புருஷன் சபரீஷ்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"மருதமலைக்கு. பால்குடம் வேண்டிட்டிருந்தேன்."

"எப்ப வேண்டுனீங்க?"

"நேத்து."

"ஆபீசர் வாரேன்னு போன் பண்ணுனதும் நேத்துதானுங்க."

சபரீஷ் செருப்பைப் பார்த்தான். "முருகன் பாத்துக்குவாரு நித்தி."

"முருகன் கையெழுத்துப் போட மாட்டாருங்க. லைசென்சு உங்க பேருக்கு மாறியிருக்குது. நீங்கதான் நிக்கோணும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். திருநீறு மட்டும் கிளம்பிய கோலத்திலேயே இருந்தது.

அடுப்படியிலிருந்து சாமியாத்தாள் எட்டிப் பார்த்தாள். கையில் அரிசி களைந்த தண்ணீர்.

"அந்த ஆபீசரு நல்ல வயசானவரா கண்ணு?"

"தெரியலீங்க அத்தை. ஏனுங்க?"

"காது நல்லாக் கேக்குமான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நித்யஸ்ரீக்கு அது என்னவோ போலிருந்தது. அத்தைக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

கலால் அலுவலர் இல்யாஸ் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மூக்குக் கண்ணாடி, இஸ்திரி கலையாத சட்டை, எதையும் நம்பாத முகம். அவர் ஜீப்பை விட்டு இறங்கும் முன்பே குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேங்கடசாமி ஓடிவந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அதாவது தெருவுக்கே சூப்பர்வைசர்.

"அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமுமில்லீங்க. கடைய மூடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன், அவ்வளவுதானுங்க."

"அதனால என்னங்க. காப்பி குடிக்கறீங்களா?"

"சக்கரை கம்மியாங்க."

கோயமுத்தூரில் சண்டை என்றால் இப்படித்தான். காப்பி டம்ளர் காலியானதும் இல்யாஸ் எழுந்தார்.

"பூட்டைத் திறங்க மேடம்."

சந்துப் பக்கக் கதவைத் திறந்ததும் பினாயிலும் பழைய பீரும் கலந்த வாடை வந்தது. மெயின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தும் உள்ளே ஏ.சி. போட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. மேஜைகள் மேல் நாற்காலிகள் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. நேற்றுக் கடை மூடியதும் நித்யஸ்ரீ பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்க்க வைத்தது.

மூலை மேஜையில் மட்டும் ஒரு நாற்காலி கீழே இருந்தது. கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

இல்யாஸ் அதன் பலகையில் கை வைத்தார். கையை எடுத்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சேரைக் கவுக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க."

"சூடா இருக்குதே."

அவர் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார். மதுப் புட்டிகள் இருந்த அலமாரியை ஆட்டிப் பார்த்தார். பூட்டு ஒழுங்காக இருந்தது. அவசர வழிக் கதவின் தாழ்ப்பாளில் சிலந்தி வலை கட்டி, அதில் ஒரு கொசுவும் காய்ந்து தொங்கியது. அந்த வழியாக ஒரு மாதமாக யாரும் வந்திருக்க முடியாது.

அந்த நாற்காலியைத் தானே தூக்கி மேஜைமேல் கவிழ்த்தார். எல்லோரையும் வெளியே அனுப்பினார். கதவைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இங்கியே நிப்போம். யாரு வந்து பேசறாங்கன்னு பாத்துருவோம்."

சந்தில் நின்றார்கள். சபரீஷ் சிகரெட் பற்றவைத்தான். மெயின் ரோட்டில் காவடிக் கூட்டம் ஒன்று மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. மேளம் தூரமாகிப் பிறகு கேட்காமலே போனது. சாக்கடை ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து, காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வாலை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

உள்ளே நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது.

அடுத்து மேஜைமேல் விரல் முட்டியால் தட்டும் சத்தம். அவசரமில்லாமல், மரியாதையாக.

அதன் பிறகு குரல்.

"எந்திரிங்க கண்ணு. நேரமாச்சுங்க. ஊட்டுல தேடுவாங்க."

சந்தில் நின்ற நால்வரில் இல்யாஸைத் தவிர மற்ற மூவருக்கும் அந்தக் குரல் தெரியும். லே-அவுட்டுக்கே தெரியும். பாலுசாமி பாரில் அடியாள் வைத்துக்கொண்டதில்லை. கடை மூடும் நேரத்தில் மேஜை மேஜையாகப் போய், தட்டி, இப்படித்தான் சொல்லுவார். எவ்வளவு குடித்தவனும் அந்த 'கண்ணு'வுக்கு எழுந்துவிடுவான். குடிகாரனை இத்தனை மரியாதையாக வெளியே அனுப்பிய ஆள் இந்த ஜில்லாவிலேயே வேறு கிடையாது.

சபரீஷ் சிகரெட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கை சுட்டதும்தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது.

இல்யாஸ் கதவைத் திறந்தார். சாவி பூட்டில் நுழைய மறுத்தது. பூட்டின் மேல் குறை இல்லை, முதலில் அவர் நுழைத்தது ஜீப் சாவி.

ஆள் யாரும் இல்லை. அவர் கவிழ்த்து வைத்த நாற்காலி மறுபடியும் கீழே இருந்தது. அதற்கு எதிரே இன்னொன்றும் இறங்கியிருந்தது.

ஸ்பீக்கர் இருக்கிறதா என்று மேஜைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். சுவிட்ச் போர்டைத் தட்டினார். தேடுவதற்கு இடம் தீர்ந்த பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு குரல் மேடம் அது?"

"எங்க மாமாங்க."

"எங்க இருக்காரு?"

"மின்மயானத்துல எரிச்சுட்டு வந்தமுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் கேட்டார்: "ட்ரை டே அன்னைக்கு மட்டும்தான் கேக்குமா?"

அப்போதுதான் நித்யஸ்ரீக்கு உறைத்தது. மற்ற நாட்களில் பாட்டும் கிரிக்கெட்டும் கிளாஸ் சத்தமுமாக இருக்கும் பாரில், ஒரு மனிதர் மெல்லப் பேசினால் யாருக்குக் கேட்கும்? அவர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர்கள்தான் ட்ரை டே அன்று மட்டும் கேட்கிறார்கள்.

வேங்கடசாமி வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. அங்கிருந்தபடியே கை கூப்பினார்.

"ஐயா, நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேனுங்க."

"சத்தம் கேக்குதுன்னுதானே சொன்னீங்க? இப்ப நானும்தான் கேட்டேன்."

"அதாலதானுங்க. கடையை மூடிப்போட்டா அவரு எங்கீங்க போவாரு? பக்கத்து ஊடு என்னுதுங்க. உசுரோட இருக்கறப்பவே பேப்பர் படிக்க எங்கூட்டுக்குத்தான் வருவாரு." நித்யஸ்ரீ பக்கம் திரும்பினார். "அம்மணி, லைசென்சை எப்பாடு பட்டாவது புதுப்பிச்சுப்போடுங்க. சங்கத்துல இருந்து லெட்டர் வேணும்னாலும் தாரேனுங்க."

பாரை மூடச் சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியவர், பாரை மூடக் கூடாது என்று கெஞ்சிய அதிசயத்தைத் தெரு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. எல்லோரும் மருதமலைக்குப் போயிருந்தார்கள்.

இல்யாஸ் கதவைப் பூட்டினார். "பூட்டியிருந்தது, ஆள் இல்லை, விற்பனை இல்லைன்னு எழுதிடறேன். அது நான் கண்ணால பார்த்தது. காதுல விழுந்ததுக்கு ரிப்போர்ட்டுல இடம் கிடையாது. சாவி இன்னைக்கு என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஆபீசுக்கு வந்து வாங்கிக்குங்க."

நித்யஸ்ரீக்கு மூச்சு வந்தது. ஆனால் ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இவரு வாபஸ் வாங்கினா மட்டும் பத்தாது மேடம். முதல்ல புகார் சொன்னது இவரு இல்லை. ஆபீசுக்கு நேர்ல வந்து ஒருத்தங்க சொல்லிட்டுப் போனாங்க. அவங்களும் நாளைக்குக் காலையில வந்து வாபஸ்னு சொல்லணும். இல்லைன்னா ஃபைல் மேலே போயிடும், அப்புறம் என் கையில இல்லை."

"யாருங்க அது?"

அவர் காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே நித்யஸ்ரீ வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் சாமியாத்தாள் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். மருமகள் வந்து நின்ற வேகத்திலேயே புரிந்துகொண்டாள்.

"ஆமா, நாந்தான் சொன்னேன். பஸ் ஏறிப் போயிச் சொல்லிப்போட்டு வந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கல்ல அத்தை?"

"சொன்னா மூடியிருப்பியா?"

நித்யஸ்ரீ மூடியிருக்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

சாமியாத்தாள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"உங்க மாமாவுக்கு மொதப் படையல் வெச்சமே, நெனப்பிருக்குதா? பிராந்தி வெக்காம அந்த மனுசனுக்குப் படையல் ஆவாதுன்னு ஒறம்பரை அத்தனை பேரும் சொன்னாங்க. இந்த ஊட்டு வாசப்படிய ஒரு பாட்டலு தாண்டுனதில்ல. தாண்ட உடமாட்டேன்னு நின்னேன். அப்ப அங்கியே வெச்சுப்போடுங்கன்னு சொல்லிப்போட்டேன். சபரி போயி மூலை மேசையில எலை போட்டு வெச்சுட்டு வந்தான்."

"ஆமாங்க."

"எங்க கூப்புட்டமோ அங்க வந்தாரு. வந்தவரு அங்கியே நின்னுபோட்டாரு." அவள் குரல் உடையவில்லை, தட்டையாகவே இருந்தது, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "காலம்பூரா கடைசி ஆளை அனுப்பிப்போட்டுத்தான் ஊட்டுக்கு வருவாரு. ஒரு நாளு நேரத்துக்கு வந்து சுடுசோறு தின்னதில்ல. செத்துமா அப்படியே நிக்கோணும்? கடைய மூடுனா ஊட்டுக்கு வருவாருன்னு பாத்தேன்."

"ட்ரை டேயில கடை மூடித்தானுங்க இருக்குது. அன்னைக்கு ஏனுங்க வரலை?"

சாமியாத்தாள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஆரையோ எந்திரிக்கச் சொல்றாரே கண்ணு, உனக்குக் கேக்கலியா? ஆரோ உக்காந்துட்டிருக்காங்க."

நித்யஸ்ரீயின் கண்ணுக்குள் அந்த இரண்டாவது நாற்காலி வந்து போனது. அதை அவள் அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வேறெங்கோ போகும். அவளுக்கு நாளைக் காலைக்குள் ஒரு வாபஸ் வேண்டும்.

"அத்தை, அங்க கூப்பிட்டதுதானுங்க தப்பாப் போச்சு? இங்க கூப்பிடலாமுங்க. இன்னைக்கே. இந்த ஊட்டுலயே எலை போட்டு."

"பாட்டலு?"

"பாட்டலோடதானுங்க."

சாமியாத்தாள் பருப்புச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, "அவரு வந்துட்டாருன்னா நாளைக்கு நானே ஆபீசுக்கு வந்து வாபஸ்னு சொல்லிப்போடறேன். வரலீன்னா கடைய மூடோணும். சரீங்களா?" என்றாள். மருமகளுக்கு அவள் 'ங்க' போட்டது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

"சரீங்க அத்தை."

லைசென்சுக்காகச் செத்துப்போன மாமனாரை விருந்துக்குக் கூப்பிட்ட மருமகள் இந்த லே-அவுட்டில் வேறு யாரும் இல்லை. இதில் ஒரு சிக்கல். பாரின் சாவி ஆபீசர் பையில். ஊரெல்லாம் ட்ரை டே. பிராந்திக்கு எங்கே போவது?

இருவரும் சபரீஷைப் பார்த்தார்கள். அவன் மேலே பரணைப் பார்த்தான். ஸ்டூல் போட்டு ஏறி, பொங்கல் பானைக்குள்ளிருந்து துணி சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கால்வாசி குறைந்திருந்தது.

"எத்தன நாளாடா இது இந்த ஊட்டுல இருக்குது?"

"சளி புடிச்சா மருந்துக்குங்கம்மா."

"உனக்கு எப்படா சளி புடிச்சுது?"

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஹாலில் தலைவாழை இலை விழுந்தது. பாலுசாமிக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் இனிப்புக்குக் கச்சாயம், ஒரு கண்ணாடி டம்ளரில் பிராந்தி. வள்ளலார் தினத்தில் இந்தத் தெருவில் ஊற்றப்பட்ட ஒரே டம்ளர் அதுவாகத்தான் இருக்கும். சாமியாத்தாள் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் டம்ளரை இலைக்கு நேராக நகர்த்தி வைத்தது அவள்தான்.

கற்பூரம் ஏற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம், பார் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க. ஊட்டுக்கு வாங்க. சோறு சூடா இருக்குதுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் சாப்பிடக் கூப்பிட்டால் அது மரியாதை இல்லை என்று வளர்ந்த உடம்பு அவளுடையது. கூப்பிட்ட வாய் தானாகவே மீதியையும் சொல்லிவிட்டது.

"கூட ஆராச்சும் இருந்தா அவிங்களையும் கூட்டியாங்க. பட்டினியாப் போவ வேண்டாமுங்க."

"அத்தை!" என்றாள் நித்யஸ்ரீ.

"என்ன கண்ணு?"

சொல்லியாகிவிட்டது. இனி என்ன சொல்ல?

படையல் வைத்தால் எல்லோரும் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர் யார் கண்ணும் படாமல் சாப்பிட வேண்டும். மூவரும் முன்வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிய பாருக்குள் நாற்காலிகள் இழுபட்டன. ஒன்றல்ல, இரண்டல்ல. பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரே நேரத்தில்.

அதன் பிறகு அமைதி. பக்கத்து வீட்டில் வேங்கடசாமி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. வீட்டின் பின்னால், சந்துப் பக்கக் கேட்டின் கொக்கி தூக்கப்பட்டு, கேட் திறந்தது. திறந்தது மூடவில்லை. யாரோ பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் உள்ளே வருகிற மாதிரி, அப்படியே நின்றது.

கதவுக்குப் பின்னால், ஹாலுக்குள் குரல் கேட்டது. அதே குரல்தான். இந்த முறை யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"வாங்க, வாங்க. கூச்சப்படாம உள்ள வாங்க. நம்ம ஊடுதானுங்க."

சபரீஷ் தூணைப் பிடித்துக்கொண்டான். சாமியாத்தாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து நின்றது. நித்யஸ்ரீ அதை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. வந்துவிட்டார். வாக்குப்படி நாளைக்கு வாபஸ். லைசென்ஸ் கையில் கிடைத்த மாதிரிதான். அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று நித்யஸ்ரீ தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள்.

சட்டென்று சாமியாத்தாளின் முகம் மாறியது. விருந்து வீட்டில் சோறு பத்தாமல் போனவளின் முகம்.

"ஒரு எலைதானே கண்ணு போட்டிருக்குது" என்றாள். "நிக்காதே. பின்னால போயி எலை அறுத்துட்டு வா."

"எத்தனைங்க அத்தை?"

சாமியாத்தாள் கதவில் காதை வைத்தாள். கையைத் தூக்கி, பொறு என்பதாகக் காட்டினாள்.

"இரு" என்றாள். "இன்னும் வந்துட்டிருக்காங்க."